அலமாரி மேல் போகாத பரிசு

அத்தை வீட்டில் ஒரு பெட்டியை இறக்கித் தருவதற்காக ஸ்டூல் மேல் ஏறினேன். அலமாரியின் மேல், சுவரோரமாக, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. தாள் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. உள்ளே தெரிந்த இளஞ்சிவப்பு இதழை அடையாளம் கண்டுகொள்ள எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதைச் செய்தவளே நான்தான்.

மூன்று வாரம், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தது. கிரேப் காகிதத்தில் நாற்பது பூ, கம்பி வளையம், நடுவில் அத்தையின் பெயர். கிட்டத்தட்ட இரண்டு முழ அகலம். கொடுத்த அன்று அத்தையின் கண் கலங்கியதை நான் பார்த்தேன், அது பொய்யில்லை. ஆனால் இங்கே அது தூசிக்குப் பயந்து செய்தித்தாளுக்குள் ஒளிந்திருந்தது.

"தூக்கிப் போட மனசு வரலம்மா," என்றார் கீழே நின்றபடி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "மாட்டவும் இடமில்ல. தூசி வேற ஒட்டுது. ஈரத்துணியால தொடச்சா சாயம் போகுது, காய்ஞ்ச துணின்னா இதழ் கிழியுது."

சொன்னது எல்லாமே நியாயம். கிரேப் காகிதத்தில் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும் என்பது செய்யும்போதே எனக்குத் தெரியும், என் விரலே மூன்று நாள் சிவந்து கிடந்தது. இதை ஒருவர் வீட்டில் வைத்துத் துடைக்க வேண்டியிருக்குமே என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. அத்தைக்கு நான் கொடுத்தது ஒரு வேலை. அதோடு, தூக்கிப் போட முடியாத குற்ற உணர்வு ஒன்றும் இலவசம்.

கைவேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செய்கிறவர் பக்கமே நின்று எழுதுகிறார்கள். எவ்வளவு சுலபம், எவ்வளவு அழகு, எவ்வளவு மனநிறைவு. வாங்கிக்கொள்கிறவர் பக்கத்துக் கதையை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அவர் நல்ல மனிதர், சொல்லமாட்டார்.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி என்ற மூவர் 2012இல் வெளியிட்டது. அதில் ஒரு சோதனையில், பழக்கமே இல்லாத ஆட்களைக் கூப்பிட்டு, காகிதத்தை மடித்துத் தவளையும் கொக்கும் செய்யச் சொன்னார்கள். பிறகு, நீ செய்ததை நீயே வாங்குவதானால் என்ன விலை தருவாய் என்று கேட்டார்கள். அதே கோணல் தவளையை வெளியாட்களிடம் காட்டியும் விலை கேட்டார்கள். செய்தவர்கள் சொன்ன விலை, பார்த்தவர்கள் சொன்னதைப் போல நாலைந்து மடங்கு. கைதேர்ந்தவர்கள் மடித்த உருவங்களுக்குக் கிடைத்த விலைக்குப் பக்கத்தில் போய்விட்டது. எனக்குச் சுருக்கென்று தைத்தது இன்னொரு விஷயம். தங்கள் படைப்பு தங்களுக்குத் தோன்றுவது போலவே மற்றவர்களுக்கும் அருமையாகத் தோன்றும் என்று அவர்கள் நம்பினார்களாம். அந்த இரண்டு முழ வளையத்தை வண்டியில் வைத்துக் கொண்டுபோன நாளில் நான் எப்படி இருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

அதனால் கைவேலையை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. அளவை மாற்றினேன். இப்போது நான் அடுத்தவர் வீட்டுக்குச் செய்யும் எதுவும் ஒன்று, பயன்பட்டுத் தீர்ந்துபோக வேண்டும். இல்லையென்றால் மடித்து ஒரு உறைக்குள் போட முடிய வேண்டும். இரண்டுமே முடியாதென்றால் என் வீட்டுச் சுவரில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

தீர்ந்துபோகிற பரிசுகளில் எனக்கு முதலில் கைவந்தது நோட்டுப் புத்தகம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவு மரியாதை வேறு எதிலும் கிடைப்பதில்லை.

எட்டு ஏ4 தாள். இரண்டாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஏ5 அளவில் 32 பக்கம். ஏ வரிசைத் தாள்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. ஏ0 சரியாக ஒரு சதுர மீட்டர் பரப்பு. ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் ஒன்று 5 கிராம்தான். எட்டுத் தாளும் 250 ஜிஎஸ்எம் அட்டை ஒன்றும் சேர்ந்தாலும் 55, 56 கிராம். கைப்பையில் கிடப்பதே தெரியாது.

மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. குத்தூசி இல்லையென்றால் தடித்த ஊசி ஒன்றை பாட்டில் கார்க்கில் செருகிக்கொண்டால் போதும். புத்தக உயரத்தைப் போல மூன்று மடங்கு நூல். நூலை மெழுகுவத்தித் துண்டில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது, முடிச்சும் நழுவாது. வெளியிலிருந்து நடுத் துளைக்குள் ஊசியை விட்டு, உள்பக்கமாகவே மேல் துளைக்குப் போய் வெளியே எடுங்கள். இப்போது முதுகின் மேலாக, நடுத் துளையைத் தாண்டி, நேரே கீழ்த் துளைக்குள். உள்பக்கமாகத் திரும்பி வந்து நடுத் துளை வழியே வெளியே. இரண்டு நூல் முனைகளும் இப்போது வெளியே இருக்கும். முதுகில் ஓடும் நீளத் தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்து முடிச்சுப் போட்டால் முடிந்தது. முடிச்சு உள்ளே விழ வேண்டுமென்றால் உள்ளிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். நான் அழகுக்காக வெளியே விடுவேன். (இதற்குப் பின்னால் வருகிறேன்.)

தைத்து முடித்ததும் உள் தாள்கள் வெளித் தாளைவிடக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். தாளின் தடிமன் செய்யும் வேலை அது, உங்கள் தப்பில்லை. இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடு போட்ட கத்தியால் ஒரே சீராக வெட்டிவிடுங்கள். பழைய பிளேடு தாளை வெட்டாது, பிய்க்கும்.

அட்டை ஏன் சில நேரம் மடிப்பில் வெடித்து நார் நாராக வருகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. மரத்துக்கு இருப்பது போலக் காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. ஆலையில் காகிதம் ஓடும் திசையில் நார்கள் படுத்துவிடுகின்றன. அட்டையை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், பிறகு திருப்பி மற்றத் திசையிலும் வளையுங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, மடிப்புக் கோடு அப்படி விழும்படி வெட்டிக்கொண்டால் வெடிக்காது. சாதாரண ஏ4 தாள்களில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அப்படியானால் ஏ5 நோட்டுக்காக மடிக்கும்போது நாம் இழைக்குக் குறுக்கேதான் மடிக்கிறோம். 80 ஜிஎஸ்எம் தாள் அதைப் பொறுத்துக்கொள்ளும். 250 ஜிஎஸ்எம் அட்டை பொறுக்காது. மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேலை ஒட்டி அழுத்தமாக ஒரு கோடு கீறிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். மை தீர்ந்த பேனாக்களை நான் தூக்கிப் போட்டே வருடக்கணக்கில் ஆகிறது.

வாழ்த்து அட்டைகளைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. உள்ளே நாலு வரி கையெழுத்தில் இருந்தால் வெளியே என்ன ஒட்டியிருந்தாலும் நல்ல அட்டைதான். ஆனால் பசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அட்டை நெளிந்துபோய்விட்டது என்று புலம்புகிற எல்லோரும் செய்யும் தப்பு, வெள்ளைப் பசையைத் தாராளமாக ஊற்றுவது. பிவிஏ எனப்படும் அந்தப் பசையில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கலாம். தண்ணீரைக் குடித்து நார் உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது, தாள் அலை அலையாக நெளிகிறது. பழைய ஏடிஎம் அட்டை மாதிரி ஏதாவது ஒன்றால் மெல்லியதாக இழுத்துத் தடவி, மேலே மெழுகுத்தாளைப் போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். அவசரமென்றால் குச்சிப் பசை. ஜெர்மனியின் ஹெங்கல் நிறுவனத்தில் வேலை பார்த்த வோல்ஃப்காங் டீரிக்ஸ், 1967இல் விமானத்தில் ஒரு பெண் லிப்ஸ்டிக் போட்டுக்கொள்வதைப் பார்த்தபோது இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1969இல் அது 'பிரிட்' என்று கடைக்கு வந்தது. திருகினால் மேலே வருகிறது, தேவையான இடத்தில் மட்டும் படிகிறது. குழந்தைகள் கையில் கொடுக்க அதைவிட நல்ல பசை எனக்குத் தெரியாது. ஆனால் தடித்த அட்டையை அது ஒரு மாதம் தாங்கினாலே அதிகம்.

அலங்காரத்துக்கு வருவோம். இங்கேதான் என் இரண்டாவது விதி வேலை செய்கிறது: மடிந்து உறைக்குள் போக வேண்டும். விழா நாலு நாள். பாக்கி முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்த அலங்காரம் எங்கேயோ படுத்திருக்க வேண்டுமே.

அடிப்பாகம் தட்டையாக மடிந்திருக்கும் காகிதப் பைகள் ஏழெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவு. பையைத் திறக்கவே வேண்டாம். ஒரு பையின் அடியோரத்தில் குறுக்காக ஒரு பசைக் கோடு, அதன் நடுவிலிருந்து வாய் வரைக்கும் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. மேல் அடுத்த பை. மறுபடியும் அதே இரண்டு கோடு. இப்படியே அடுக்கி, பசை காய்ந்ததும் திறந்த வாய்ப் பக்கத்தைக் கூம்பாக வெட்டுங்கள். விருப்பமிருந்தால் ஓரங்களில் சின்னச் சின்னதாக அரை வட்டம், முக்கோணம். இப்போது முதல் பையையும் கடைசிப் பையையும் பிடித்து விசிறி மாதிரி விரித்து, இரண்டையும் சேர்த்தால் கையளவுக் கட்டு ஒன்று பெரிய நட்சத்திரமாகிவிடும். முதல் முறை அது விரியும்போது பக்கத்தில் யார் இருந்தாலும் "அட" என்பார்கள். நான் உத்தரவாதம்.

இதில் எல்லோரும் முதல் பையையும் கடைசிப் பையையும் பசை போட்டு ஒட்டிவிடச் சொல்வார்கள். ஒட்டாதீர்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பேப்பர் கிளிப் போடுங்கள். விழா முடிந்ததும் கிளிப்பைக் கழற்றினால் நட்சத்திரம் மறுபடியும் ஒரு கட்டுக் காகிதம். எங்கள் வீட்டில் ஆறு நட்சத்திரங்கள் ஒரே கோப்புறையில் இருக்கின்றன, நான்காவது வருடமாக.

பைகூட இல்லை, ஒரு தாள்தான் இருக்கிறது என்றால் பனிப்படிக வெட்டு. சதுரத் தாளை மூலைவிட்டத்தில் மடித்து முக்கோணம். அதன் நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து மூன்று சமபாகமாக, ஒன்றின் மேல் ஒன்றாக மடியுங்கள். பிறகு இன்னொரு முறை பாதியாக. வெட்டி விரித்தால் ஆறு கை. பலர் வசதிக்காக நாலாக, எட்டாக மடித்துவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் பனிக்கு எட்டுக் கை கிடையாது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோண வலையாகக் கோத்துக்கொள்வதால் ஆறுதான். மொத்தம் பன்னிரண்டு அடுக்கு ஆகிவிடுவதால் மெல்லிய தாளாக எடுங்கள். 80 ஜிஎஸ்எம் தாளைக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகளின் கத்தரி திணறும்.

பனி ஏன் எப்போதும் ஆறு மூலையாகவே விழுகிறது என்ற கேள்வியை வானியலாளர் யோஹான்னஸ் கெப்ளர் 1611இல் ஒரு சிறு நூலாக எழுதினார். அதை எழுதியது புத்தாண்டுப் பரிசாக, தன் ஆதரவாளரான வாக்கர் என்பவருக்கு. பரிசாக என்ன கொடுப்பது என்ற யோசனையோடு பாலத்தைக் கடக்கும்போது மேலங்கியில் பனித்துகள் விழுந்ததாம். லத்தீனில் 'நிக்ஸ்' என்றால் பனி. அவருடைய ஜெர்மன் பேச்சில் 'நிக்ஸ்' என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைப் பரிசாகத் தருகிறேன் என்று சிலேடை போட்டுக்கொண்டே நூலை நகர்த்துகிறார். ஆறுக்கான முழு விடை அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்குப் பிடித்தது அந்தப் பரிசின் எடை. வாக்கர் வீட்டு அலமாரி மேல் அதற்கு இடம் தேட வேண்டியிருந்திருக்காது.

குழந்தைகளோடு செய்வதென்றால் உப்பு மாவு. மைதா இரண்டு பங்கு, தூள் உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தொடங்கி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை. அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டிக்கொண்டு, மாட்டுவதற்கான துளையை உறிஞ்சுகுழலால் ஈரத்திலேயே போட்டுவிட வேண்டும். காய்ந்த பிறகு போட முயன்றால் இரண்டு துண்டாகும். ஓவனில் 100 டிகிரி செல்சியஸ், இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பி. அவசரப்பட்டு 180இல் வைத்த எனக்கு எல்லாம் கொப்புளம் போட்டு மேலெழும்பி விரிந்துபோனது. ஓவன் இல்லையென்றால் காற்றில் சில நாள் காயட்டும். இன்னொன்று, உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். முன்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்து நான் கொடுத்த பெயர்ப் பலகை ஒன்று மழைக்காலத்தில் பின்பக்கமாக ஈரத்தைக் குடித்து, மெதுவாகத் தொங்கி, ஒரு நாள் கீழே விழுந்தது. இரண்டு பக்கமும், துளையின் உள்ளேயும் அடியுங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். அவ்வளவு உப்பைத் தின்றால் நாய்க்கு உயிருக்கே ஆபத்து.

போன வருடம் அண்ணன் மகள் உப்பு மாவில் நட்சத்திரம் செய்தாள். ஆறு வயது. ஐந்து முனையில் ஒன்று குட்டை, ஒன்று சப்பை. அவள் தூங்கிய பிறகு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு இன்னும் ஈரமாக இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. இரண்டு முனையையும் கொஞ்சமே கொஞ்சம் இழுத்துச் சரி செய்தேன்.

காலையில் எழுந்து வந்தவள் தட்டைப் பார்த்தாள். "என்னோடது எங்கே?" என்றாள்.

இதுதான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "இது உங்களோடது," என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள். அந்த நட்சத்திரத்துக்கு வண்ணம் பூசக்கூட அவள் வரவில்லை. முன்னே சொன்ன அந்த மூவரின் ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. செய்த பொருளைக் கண்முன்னே பிரித்துவிட்டாலோ, முடிக்கவிடாமல் நிறுத்திவிட்டாலோ, அந்தத் தனிப் பிரியம் காணாமல் போய்விடுகிறதாம். இதைப் படித்தது நான், புரியவைத்தது அவள். இப்போது பிள்ளைகள் செய்யும்போது என் கைக்கு ஒரு தனி மாவு உருண்டை கொடுத்து உட்கார வைத்துக்கொள்கிறேன்.

நான் தொடாத சங்கதிகளும் உண்டு. சோப்பு செய்ய வேண்டுமானால் காஸ்டிக் சோடாவைக் கையாள வேண்டும். பிள்ளைகள் சுற்றி ஓடும் வீட்டில் அது எனக்குச் சரிப்படாது. சூடான பசைத் துப்பாக்கியில் உயர் வெப்ப வகை 190 டிகிரியை ஒட்டிப் போகும், பசை தோலில் விழுந்தால் துடைக்கவும் முடியாது, ஒட்டிக்கொண்டே சுடும். குறைந்த வெப்ப வகையே வீட்டு வேலைக்குத் தாராளம். அப்புறம் சூப்பர் பசை. சிந்தியதைப் பஞ்சால் துடைக்கப் போனேன், பஞ்சிலிருந்து புகை வந்தது. கண்ணெதிரே புகை! பருத்தியும் கம்பளியும் பட்டால் அந்தப் பசை மளமளவென்று இறுகி, அந்த வேகத்தில் சூட்டைக் கக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். துணி பொம்மைக்குப் பொத்தான் கண் வைக்க அதை எடுக்காதீர்கள். ஊசி நூல் இருக்கிறது.

பரிசைச் சுற்றுவதற்கு இப்போது காகிதமே வாங்குவதில்லை. நன்றாகத் துவைத்த பழைய பருத்தித் துணியில் ஒரு சதுரம், ஓரம் மடித்துத் தைத்தது. மூலையிலிருந்து மூலைக்கு உள்ள நீளம் பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் சரியாக இருக்கும். எதிரெதிர் மூலைகளை ஒரு முறை உள்ளே மடித்துப் போர்த்தி, மற்ற இரண்டு மூலைகளை மேலே கொண்டுவந்து முடிச்சு. பிரித்த பிறகு அது மூக்குக்கண்ணாடி துடைக்கவாவது ஆகும்.

அத்தைக்கு அந்த வளையத்துக்குப் பதிலாக ஒரு நோட்டுத் தைத்துக் கொடுத்தேன். வளையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துவிட்டேன், கம்பி மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது. நோட்டைக் கொடுத்தபோது அத்தை கண் கலங்கவில்லை. "ம், நல்லாருக்கு," என்று பைக்குள் போட்டுக்கொண்டார். நாலு மாதம் கழித்துப் போனபோது அது தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்தது. அட்டை முனை மடங்கி, ஒரு டம்ளர் வட்டம் பதிந்து. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி, காலை ரத்த அழுத்தம், மாலை ரத்த அழுத்தம். நடுநடுவே யாருடைய எண்களோ, பேருந்து நேரங்கள், ஒரு இடத்தில் கூட்டல் கணக்கு.

"இன்னும் மூணு பக்கந்தான் இருக்கு," என்றார். "அடுத்தது எப்ப தைப்ப?"

"இந்த வாரமே தச்சுடறேன் அத்தை."

"இந்த முடிச்சு இருக்கு பாரு, முதுகுல. எழுதறப்ப மேசைல தட்டுது. அதை உள்ளே போட்டுடு."